அக்காவுக்கு நாம் கொடுத்த ஈரல்

அக்கா அவர்கள் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தார்கள். சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப் போன அத்தான் திரும்பவில்லை. தம்பியாகிய என்னையும் தம் ஒரே மகளையும் அக்கா மரம் சீவியே வளர்த்தார்கள். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. அக்காவின் திதியில் படிக்க இதையெல்லாம் நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

அவசரகாலத்தில், காட்டுக்குள் துப்பாக்கி தூக்கியவர்களுக்குச் சோறு போகக்கூடாதென்று நம் லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட பிறகு, அக்கா உடம்பு வெளுக்கத் தொடங்கினார்கள். பத்து மரம் சீவுவதற்குள் மூச்சு வாங்கியது. தோட்டத்து டிரஸ்ஸர் பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார். நாம் சும்மா இருப்போமா? ஈரல், ஆட்டு ரத்தப் பொரியல், கருவாடு என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுத்தோம். வேலிக் கேட்டைத் தாண்டிச் சாப்பாடு போகக்கூடாது என்று தெரிந்தும், வேலைக்காட்டில் அக்கா தின்னட்டும் என்று ஈரல் வறுவலைப் ரப்பர்ப் பால் வாளிக்குள் மறைத்துப் போய்ப் பிடிபட்டேன். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறேன் என்று போலீஸ் நிலையத்தில் அடைத்தார்கள்.

அக்கா நடந்தே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் முன் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார்கள்.

"செவப்பு இருக்கா பாருங்கய்யா. எனக்குத்தான் கொண்டாந்தான். காட்டுக்காரங்களுக்கு இல்ல."

மலாய்க்கார இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்த வெள்ளை இமை புரிந்தது. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று என்னை விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். சிவப்பணுக்கள் பாதிகூட இல்லை. இருந்தவற்றிலும் பல, ஓரமெல்லாம் முள்முள்ளாக இருந்தனவாம். சிறுநீரகம் கெட்டுவிட்டது, அதனால்தான் ரத்தம் ஊறவில்லை, இரும்பு தின்றும் பயனில்லை, உப்பும் இறைச்சியும் உடம்புக்குக் கூடுதல் சுமை என்றார் டாக்டர்.

"பாத்தியாடா, ரத்தத்துக்குள்ளயும் முள்ளுக்கம்பி போட்டுட்டானுங்க" என்று அக்கா சிரித்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "லயத்துல சொல்லிடாதலா. குடுத்தவங்க மனசு ஒடஞ்சிடும்."

அதன்பின் யார் ஈரல் கொண்டுவந்தாலும், தின்றால் தெம்பாக இருக்கிறது என்றே அக்கா சொன்னார்கள். கொண்டுவந்தவர்கள் போன பிறகு அதை நான்தான் தின்றேன். நன்றாகக் கொழுத்தேன். இருமுறை ரத்தம் ஏற்றியும் அக்கா தேறவில்லை.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அக்காவை லோரியில் ஏற்றிச் சென்ற, நம் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும், தட்டோடு வந்த பெண்களுக்கும் என் கும்பிடு. அக்கா செத்தது உங்களால் அல்ல. அந்த நோய்க்கு மருந்தில்லை என்று டாக்டரே சொன்னார்.

அக்கா போய் ஓராண்டு இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கெர்லிங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா மகள் வெளுத்திருக்கிறாள். காலையில் முகம் வீங்குகிறது. ஈரல் கொடுக்காதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று போய்ச் சொன்னேன். அவள் மாமியார் கேட்கவில்லை.

"ஒங்கக்காவே சொன்னாங்க, ஈரல் தின்னுதான் தெம்பு வந்துச்சுன்னு."

அக்கா, மன்னியுங்கள். சம்பந்தியம்மா, அக்கா சொன்னது பொய். திதிச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை என்னோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். ஊரடங்குக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம்.