கடைசிக் குழியை எங்கே வைப்பது?

ஆடுகிறவரைத் திணறடித்தால்தான் பார்க்கிறவருக்கு ஆட்டம் நன்றாக இருக்குமா? முப்பது வயது தாண்டியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பதில் தேவைப்படுகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் குழந்தைகளுக்கு கோல்ஃப் போட்டி. குழிகள் எங்கெங்கே என்று முடிவுசெய்யும் பொறுப்பு என்னுடையது. ஆடப்போகிறவர்களில் என் ஆறு வயது மகளும் ஒருத்தி.

எனக்குத் தெரிந்த கோல்ஃப் எல்லாம், சிறுவயதில் செம்பாக்கத்தில் மாமா நடத்திய ஒரே ஒரு போட்டிதான். மாமா அம்மாவின் தம்பி. நகரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலை. ஒரு காணும் பொங்கலுக்கு, அங்கே கழித்துப்போட்ட இரண்டு மட்டைகளும் ஒரு பை நிறையப் பந்துகளும் கொண்டுவந்தார். எங்கள் காலனிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே இருந்த காலி மனைகளில் ஆறு நெய் டப்பாக்களைப் புதைத்தார். அவைதான் குழிகள். குறைந்த அடிகளில் ஆறையும் முடிப்பவருக்குக் கோப்பை. பந்து உள்ளே விழும்வரை யாரும் விலகக் கூடாது.

அப்பா எதிலும் கலந்துகொள்ளாதவர். சங்கக் கூட்டங்களில் கடைசி நாற்காலி. காலனியில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. அவர் எப்படியோ பெயர் கொடுத்துவிட்டார். ஒரு வாரம், விடிந்ததும் என்னை அழைத்துக்கொண்டு போய், கடைசிக் குழி இருந்த சமதளத்தில் பழகினார். கோப்பைக்காக டிவி மேலிருந்த தஞ்சாவூர் பொம்மையைக்கூட நகர்த்தி வைத்தார்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் மாமா, "உங்கப்பா எப்படி அடிக்கிறாரு?" என்று கேட்டார். கடைசிக் குழியில் மூன்றே அடியில் போட்டுவிடுவார் என்றேன் பெருமையாக. மாமாவின் முகம் மாறியது.

"அய்யய்யோ, மச்சானுக்காக வெச்ச குழின்னு காலனியே பேசுமே! எங்க மைதானத்துல பெரிய போட்டின்னா புல்லை வளர விடுவோம், குழியைச் சரிவுல வெப்போம். அப்பதான் ஜனம் உக்காந்து பாக்கும்."

டப்பாவைத் தோண்டியெடுத்து ஏரிக்கரையின் சரிவில் புதைத்தார். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. என்னிடம் ஒரு ரகசியம் இருக்கிறது என்ற குஷியில் தூக்கமே வரவில்லை.

ஐந்து குழிகள் முடிந்தபோது அப்பாதான் முன்னால். அடுத்திருந்த சங்கச் செயலாளரைவிட நான்கு அடி குறைவு. சரிவில் டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மெதுவாக அடித்தால் பந்து காலடிக்கே உருண்டு வரும். பலமாக அடித்தால் அந்தப் பக்கம் தண்ணீர். செயலாளர் முதலில் ஆடினார். எட்டாவது அடி ஒரு வேரில் பட்டு, அதிர்ஷ்டத்தில் உள்ளே விழுந்தது. பதினோரு அடிக்குள் போட்டால் கோப்பை அப்பாவுக்கு.

முதல் பந்து ஏறியது, நின்றது, திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் உரக்க எண்ண ஆரம்பித்தேன். கூட்டமும் சேர்ந்துகொண்டது.

"சார், பந்துக்கு உங்க மேல ரொம்பப் பாசம்!"

"இன்னா சார், வூட்டுக்கே திரும்பி வந்துகினு கீது!"

ஆறாவது பந்து ஏரிக்குள் போனது. ஏழு, எட்டு. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பதினோராவது பந்து டப்பாவின் விளிம்பைச் சுற்றியது. காலனியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பந்து யோசிப்பதுபோல் நின்று, உருண்டு, அவர் செருப்பருகே வந்து சேர்ந்தது.

பன்னிரண்டாவதும் திரும்பி வந்தது. கோப்பை போய்விட்டது. ஆனாலும் விதிப்படி ஆடித்தான் ஆக வேண்டும். பதினேழு வரை ஆடினார். எண்ணியவர்களில் என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஒருமுறை அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையசைத்தேன்.

"ஒருத்தர்கூட எழுந்து போகல, பாத்தீங்களா மச்சான்!" என்றார் மாமா. உண்மைதான். அதற்கு முன்னும் பின்னும் காலனி அப்படிக் கூடியதில்லை. கோப்பையை வாங்கியவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் 'பதினேழு சார்' என்ற பெயர் நிலைத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, "நல்லா எண்ணின கண்ணு. ஒண்ணுகூட விடல," என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, அம்மாவிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் தஞ்சாவூர் பொம்மை பழைய இடத்துக்கு வந்திருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.

"போன வருஷம் ரொம்ப ஈஸி மேடம், பேரன்ட்ஸ் எல்லாம் பாதியில மேல போயிட்டாங்க. இந்த வாட்டி டஃப்பா வைங்க," என்கிறார்கள் எங்கள் அடுக்ககத்தில். அவர்கள் சொல்வதும் நியாயம். கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவில் இரண்டு முறை சாக்பீஸால் வட்டம் போட்டேன். இரண்டு முறையும் காலால் அழித்தேன். நேற்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

"கூட்டம் வேணும்னா சரிவுலதான் வைக்கணும்," என்றார். பிறகு, "நான் முன்னாடி உக்காந்து பாக்கறேன். ஆனா எண்ண மாட்டேன்," என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் விளையாடுகிற குழந்தை இருக்கும், அருகில் நின்று கைதட்டுகிற நீங்களும் இருப்பீர்கள். கடைசிக் குழியை நான் எங்கே வைக்கட்டும்? ஞாயிறுக்குள் எழுதுங்கள்.