அம்மா கொட்டிய மாத்திரைகள்

பீன்யா தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி ஈஜிபுரா வீட்டுக்கு வந்தபோது கால்கள் ஓய்ந்திருந்தன. டாக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையைப் பிரித்தேன். துரு வாடை அடித்தது. சிறுவயதில் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டு ஜன்னலோரம் இதே வாடைதான்.

அம்மாவுக்கு ரத்தம் குறைவென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரைகள் அங்கேதான் இருக்கும். ஒரு மத்தியானம் தம்பி மிட்டாயென்று நினைத்து அள்ளி விழுங்கிவிட்டான். வாந்தியில் ரத்தம் வந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"சத்து மாத்திரைதானே டாக்டர்?" என்று அம்மா அழுதாள்.

"உங்களுக்குச் சத்தும்மா. இத்தனை தின்னா குழந்தைக்கு விஷம். எட்டாத இடத்துல வைங்க. ஆனா நீங்க நிறுத்தாதீங்க."

தம்பி பிழைத்தான். அம்மா மிச்ச மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். பிறகு யார் சொல்லியும் வாங்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சோம்பேறி என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"என்னம்மா சாப்பிடறே?" என்று என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"மாத்திரைடி. எனக்கு மட்டும்."

விழுங்கிவிட்டு, மிச்சத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அம்மாவுக்கும் இப்படி ஒரு பூட்டுதான் தேவைப்பட்டிருந்தது.