எழுபத்திரண்டு நம்பர் கண்டென்சர்

எங்கள் கடையில் மோட்டாருக்குக் கண்டென்சர் வாங்க வருகிறவர்கள் நம்பரை மட்டும்தான் சொல்வார்கள். "எழுபத்திரண்டு ஒண்ணு குடுங்க" என்பதோடு சரி. எந்த வகை என்று நான்தான் துருவித் துருவிக் கேட்க வேண்டும். மோட்டாரைக் கிளப்பிவிட்டு இரண்டு மூன்று விநாடியில் ஒதுங்கிக்கொள்வது ஸ்டார்ட்டிங் கண்டென்சர். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் கூடவே இருந்து சூடு தாங்குவது ரன்னிங் கண்டென்சர். அதன் இடத்தில் ஸ்டார்ட்டிங்கை மாட்டினாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். கொஞ்ச நேரம் கழித்து அது சூடேறி, உப்பி, வெடிக்கும். இதற்காக என்னிடம் திட்டு வாங்காதவர்கள் அதியமான்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் குறைவு.

அப்படி வாய் கிழியப் பேசுகிற நான்தான் போன சித்திரையில் அதைச் செய்தேன்.

கடை திறந்து சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்து நின்றார். பட்டுப்புழு வளர்க்கிறவர். எழுபத்திரண்டில் ரன்னிங் வேண்டும், மல்பெரி காய்கிறது என்றார். இருப்பில் இல்லை. வேறு நேரமாயிருந்தால் நாளைக்கு வாருங்கள் என்றிருப்பேன். ஆனால் அவர் முதல் போணி. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குக் கடை விளங்காது என்பது எங்கள் கடைத்தெருச் சட்டம். டிப்ளமோ படித்த நானும் அதற்குத் தலையாட்டுகிறவள்தான். அறுபது முதல் எண்பது என்று போட்டிருந்த ஒரு ஸ்டார்ட்டிங் கண்டென்சரை எடுத்தேன். இன்றைக்கு இதை வைத்துச் சமாளியுங்கள், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். என்ன வகை என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என்னிடம் வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.

மதியம் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் அது உறைத்தது. அவர் மோட்டாருக்குப் போன வருஷம் ஆட்டோ சுவிட்ச் போட்டுக் கொடுத்தவர்களே நாங்கள்தான். விவசாயக் கரண்ட் ஒன்றரைக்கு வரும். யாரும் தொடாமலே மோட்டார் எடுக்கும், கரண்ட் போகும்வரை ஓடும். போதாததற்கு அவர் மனைவி தழை நறுக்க உட்காருகிற இடமே மோட்டார் ரூம்தான். அந்தக் காட்டில் வேறு நிழல் இல்லை.

அவருக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டேன். பிசைந்த சோறு கையிலேயே காய்ந்தது. என் வீட்டுக்காரர் பாப்பாரப்பட்டிக்கு வேலையாகப் போயிருந்தார். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவர் மனைவி, அந்த அக்காவின் கண்கள்தான் என் நினைப்பில் இருந்தன. வெடித்த கண்டென்சரை நான் பார்த்திருக்கிறேன். மூடி தனியாகத் தெறித்து, பெட்டிக் கதவில் பள்ளம் விழுந்திருந்தது. பிரசவத்துக்குப் போனபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

வரப்பில் இறங்கும்போதே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அக்கா பேனல் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தழை நறுக்கிக்கொண்டிருந்தார். காலையில் கண்டென்சரை மாட்டிய அவசரத்தில் பெட்டிக் கதவை அவர் வீட்டுக்காரர் திறந்தே விட்டிருந்தார். நான் ரூம் வாசலுக்கு நாலடி இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கால் அதற்கு மேல் வரவில்லை.

"அக்கா, மோட்டார நிறுத்துங்க" என்று கத்தினேன்.

அவர் பதறிப்போய் எழுந்தார். நேராகப் பெட்டிக்குப் போனார். கண்ணாடி போடாததால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ச் சிவப்புப் பொத்தானைத் தேடினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மோட்டார் நின்றது. அக்கா வெளியே வந்தார், முழுதாக.

உட்கார்ந்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே தப்பான பொருளைக் கொடுத்ததையும், அது முகத்துக்கு நேராக வெடித்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் நின்றிருந்த இடத்தையும் அதற்குப் பக்கத்து வெளிச்சுவரையும் பார்த்தார். அங்கே மெயின் சுவிட்ச் இருந்தது.

"மெயினு உங்க கைக்கிட்டத்தான இருந்துச்சு. அப்பறம் ஏங்க என்னைய போயி நிறுத்தச் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சுங்க அக்கா" என்றேன்.

நான் எழுந்துபோய் மெயினை இறக்கினேன். தழை வாடுகிறது என்று சொல்லிக்கொண்டு அவர் உள்ளே போய்க் கூடையையும் கத்தியையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வந்தார். அப்போதும் நான் அந்த ரூமுக்குள் போகவில்லை.