அம்மாவுக்கு ஏலாது

திருகோணமலை அன்புவழிபுரத்துக்கு வந்த நாள் தொடக்கம் தம்பியின் மனைவி எனக்குக் கடைப் போத்தல் தண்ணீர்தான் தருகிறாள். கிணற்றுத் தண்ணீர் வெளிநாட்டு வயிற்றுக்கு ஒத்துவராதாம். அந்தக் கிணறு வெட்டியபோது மண் சுமந்த இடுப்பு என்னுடையது. போத்தலை வைக்கும்போதெல்லாம், "எப்ப மச்சாள் போறீங்கள்?" என்று கேட்பாள். "இது முடிஞ்ச உடன" என்றேன் ஒருநாள். மறுநாள் சின்னப் போத்தல் வந்தது. இந்த இடத்துக்கு அன்புவழி என்று பெயர் வைத்தவர் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

காரணம் இந்த வீடுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இது அம்மா எனக்குச் சீதனமாக உறுதிப் பத்திரம் எழுதித் தந்தது. நான் நோர்வேக்குப் போனேன், தம்பி இருந்தான். சண்டையில் கூரை பறந்தபோது திரும்பப் போட்டதும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் வீட்டைப் பிடுங்க வந்திருக்கிறேன் என்று புருசனும் பெண்சாதியும் முடிவே கட்டிவிட்டார்கள். நான் வந்தது படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்காக. வைத்தியர் இனி மாதக் கணக்குத்தான் என்கிறார். என் விசாவோ அடுத்த திங்கட்கிழமையோடு முடிய இருந்தது. நீடிக்காவிட்டால் அம்மாவின் கடைசி நாளை நோர்வேயில், பேர்கனில் இருந்து தொலைபேசியில்தான் பார்த்திருக்க வேண்டும்.

விசா நீடிக்க ஆள் நேரில் வர வேண்டும், தங்கியிருக்கும் வீட்டுக்காரரும் கடிதத்தோடு வர வேண்டும். கொழும்பு அதிகாரிகள் ஒருநாள் வந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் அலுவல் பார்த்தார்கள். பிறந்த ஊரில் வெளிநாட்டார் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நிலாவெளிக் கடற்கரை வெயிலில் வெந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி. தம்பி கொண்டுவந்த ஆங்கிலக் கடிதத்தை அங்கேதான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘எனக்குச் சொந்தமான வீட்டில் எனது விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார்.’ கீழே நான் கையெழுத்து வைக்க ஒரு கோடு.

"இதென்னடா?"

"அப்பிடித்தான் எழுத வேணுமாம் அக்கா."

"ஆர் சொன்னது? போத்தல்காரியோ?"

"வைக்க விருப்பமில்லாட்டி விடுங்கோ. திங்கக்கிழமை பிளேன் ஏறுங்கோ." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பேர்கனுக்குப் போன முதல் பனிக்காலத்திலும் இப்படித்தான் ஓர் அலுவலகத்தில் விசா நீடிக்க நின்றேன். அங்கே ஒரு பெண் கோப்பி தந்து, சிரித்து, நெஞ்சில் குத்துகிற கேள்விகளைக் கேட்டாள். ஏன் உன் நாட்டில் இருக்க முடியாது? அதற்கு மட்டும் மொழிபெயர்த்தவர் எனக்காகப் பதில் சொன்னார். மற்றதுக்கெல்லாம் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் எனக்குத் தெரிந்த ஒரே நோர்வேச் சொல்லான, ஆம் என்கிற ‘யா’வைச் சொன்னேன். பிரச்சினை முடிந்ததும் திரும்பிப் போவாயா என்றதற்கும் ‘யா’ என்றேனாம். வெளியே வந்த பிறகுதான் மொழிபெயர்த்தவர் சொன்னார். அந்த ‘யா’வை இன்றுவரை ஒருவரும் வந்து என்னிடம் கேட்கவில்லை.

இங்கே கோப்பியும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதிகாரி சிங்களவர், என் மகன் வயது. தமிழ் படித்து வந்திருந்தார்.

"அம்மா, எந்த நாடு?"

"திருகோணமலை."

"அது ஊர். நாடு?"

"இந்த நாட்டிலதான் கிடக்குது தம்பி. வரேக்க காணேல்லையோ?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கடவுச்சீட்டை விரலால் தட்டினார். "இது நோர்வே. ஏன் உங்க நாட்டுக்குப் போகல?"

"அம்மாவுக்கு ஏலாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் ஏலாது? அம்மா நல்லாத்தானே நிக்கிறீங்க?"

எங்களுக்கு ஏலாது என்றால் சுகமில்லை என்பதும்தான். அவர் படித்த தமிழில் முடியாது மட்டும் இருந்தது. போதாக்குறைக்கு அங்கே ‘அம்மா’ நான்தான். "நானில்லை தம்பி, என்ர அம்மா. படுக்கையில" என்றேன். என் வெள்ளைத் தலையைப் பார்த்து, "உங்களுக்கு அம்மா இருக்கா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. உடனே அதையும் துடைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தார்.

"கையெழுத்து இல்லையே. வீடு யார் வீடு?"

பக்கத்தில் நின்ற தம்பி ஓர் அடி முன்னால் வந்தான். உண்மையைச் சொன்னால் வீடு என்னுடையது, கடிதம் பொய், திங்கட்கிழமை பிளேன். வாய் நிறைய இருந்த நக்கலில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை.

"தம்பியின்ர."

"நீங்க?"

"விருந்தாளி."

கோட்டின் மேல் பெயரை எழுதினேன். அவர் முத்திரையைக் குத்தினார். மூன்று மாதம்.

திரும்பும்போது ஓட்டோவில் தம்பி, "கோவமோ அக்கா?" என்றான்.

"விருந்தாளிகள் கோவிக்கிறேல்லையடா" என்றேன்.

அம்மா விழித்திருந்தா. "எங்கயடி போனனீ?"

"உங்களோட இருக்க அனுமதி கேக்கப் போனனான்."

"ஆரிட்ட?"

"ரெண்டு பேரிட்ட."

அம்மா தம்பி போட்ட கூரையைப் பார்த்தா. மற்ற ஆள் யாரென்று கேட்கவில்லை. தம்பி வாசல் நிலையோடு நின்றான், உள்ளே வரவில்லை.

"குடுத்தவங்களோ?"

"ஓம்."

"அப்ப இரு" என்று ஒரு காலை மெல்ல இழுத்து இடம் விட்டா. ஒடுங்கிய கட்டில். பாதி உடம்பு அதன் விளிம்பிலும் மற்றப் பாதி ஒன்றிலும் இல்லாமலுமாக, விழாமல் இருக்கக் கால்களை நிலத்தில் ஊன்றிக்கொண்டு இருந்தேன்.