ஏணியில் எழுதிய நம்பர்

பசறையில் ஏணி, தள்ளுவண்டி, கொங்கிரீட் பலகை எது வாடகைக்கு வேணுமென்றாலும் மாணிக்கராஜிடம்தான் வரணும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, மூணாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கீழே வைத்த மனுசன், இன்றைக்குப் பதினெட்டு ஏணிக்குச் சொந்தக்காரர். வேறு யாருக்கு இருக்கு?

ஏணியைவிடப் பெரிய பெருமை அவருடைய அடையாள அட்டை. அப்பனும் பாட்டனும் நாடில்லாதவர்களாகவே செத்துப்போக, இவருக்கு நாற்பத்திரண்டு வயதில் கைக்கு வந்த அட்டை அது. அதன் நம்பரைச் சிவப்புப் பெயின்டில் ஒவ்வொரு ஏணியிலும் எழுதிவைத்தார். மாணிக்கராஜ் என்று மலையில் நூறு பேர் இருப்பாங்க, இந்த நம்பர் எனக்கு மட்டுந்தான் என்பார். வாடகைக்கு வருகிறவர்களுக்கு அட்டையின் போட்டோக் கொப்பியையும் கொடுத்தனுப்புவார், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

போன மாசம் இன்டர்நெட்டில் சுவரில் ஓட்டை போடும் மெசின் ஒன்றைப் பார்த்து ஆர்டர் செய்தார். கம்பனிக்காரன் அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்து, முகத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னான். கொழும்புக் கம்பனியே நம்ம அட்டையைக் கேட்குதே என்று இவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சட்டை மாற்றி, மீசை சீவி, படமெடுத்தார். படம் போகவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு இத்ரூஸ் நானாவின் போன் கடைக்குப் போனார்.

இத்ரூஸ் மெசேஜைப் படித்தார். மெசின் விற்கிறவனுக்கு விலாசம் போதாதா, அட்டை எதுக்கு என்று கேட்டார். மறைக்க நான் என்ன கள்ளனா என்று மாணிக்கராஜ் எகிறினார். இத்ரூஸ் அந்த அட்டை நம்பரில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று போனில் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்கட பேர்ல நாலு சிம் ஈக்குது."

"எங்கிட்ட ஒண்ணுதானே நானா இருக்கு?"

"மத்த மூணுல எவன் யார மெரட்டினாலும், பொலிஸ் ஒங்கட வாசலுக்குத்தான் வரும். கொப்பிய நீங்கதானே ஊருக்கெல்லாம் குடுத்தீங்க."

மாணிக்கராஜ் அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பாடுபட்டு வாங்கிய பேர் எவன் பையிலோ திரியுது.

மறுநாள் காலையில் இருவரும் பதுளையில் உள்ள சிம் ஆபீசுக்குப் போய், மூன்று சிம்மின் இணைப்பையும் வெட்டினார்கள். அங்கேயும் கொப்பி கேட்டார்கள். இத்ரூஸ் சொன்னபடி, மாணிக்கராஜ் கொப்பியின் குறுக்கே "சிம் வெட்ட மட்டும்" என்று தேதி போட்டுத் தன் மூணாம் வகுப்பு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அழகான எழுத்து என்று அவரே சொல்லிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மெசின் கம்பனிக்காரன் போனில் கூப்பிட்டான், படம் இன்னும் வரவில்லையாம்.

"தம்பி, மொதல்ல ஒங்க அட்டைய முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்புங்க. மூஞ்சியும் தெரியணும். பாத்துட்டு யோசிக்கிறேன்."

லைன் வெட்டுப்பட்டது. பஸ் சிரித்தது. பின் சீட்டுக்குக் கேட்டிருக்காது என்று இன்னொரு தடவை சொன்னார்.

அந்த வாரமே பதினெட்டு ஏணியிலும் நம்பரை அழித்து, அதே சிவப்புப் பெயின்டில் ஒரு மீசை வரைந்தார். மனைவி நேசராணி, ஏணிக்கெல்லாம் ஏன் பூரான் வரைஞ்சிருக்கீங்க என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை கோயிலுக்கு வாடகைக்குப் போன ஏணி வாசலில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "அண்ணே, ஒங்க மீசை வந்திருக்கு!"