பாப்பா எடுத்தது கரண்டி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: யாரும் பார்க்காத நேரத்தில் நான் எழுதிய புத்தகம் ஒன்றையும் அந்தப் பாயில் வைத்துவிட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறேன். பழங்காநத்தத்தில் நண்பரின் மகளுக்கு முதல் பிறந்தநாள். கொரிய வழக்கப்படி, பாயில் பரப்பியிருக்கும் பொருள்களில் குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலமாம்.

கொரியப் பட்டுடைக்குள் வெந்துகொண்டிருக்கும் பாப்பா, ஸ்டெதஸ்கோப்பைத் தாண்டித் தவழ்ந்து, ஒப்புக்கு வைத்திருந்த கரண்டியைப் பிடிக்கிறாள். அப்பா பிடுங்குகிறார். மறுபடியும் கரண்டி, மறுபடியும் பிடுங்கல். கடைசியில் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் திணிக்கிறார். எல்லோரும் கைதட்ட, பாப்பா வீறிடுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “பிடுங்குறதுக்கு எதுக்குப்பா கொரியா? அதுக்கு நம்ம ஊர்ப் பழக்கமே போதுமே!”

“சும்மா இருங்கண்ணே, வீடியோ ஓடுது.”

கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்து சமாதானம் சொல்கிறார்: “கோவிச்சுக்காதீங்கண்ணே. நல்லவேளை, கரண்டியோட போச்சு. உங்க புத்தகத்த எடுத்திருந்தா எம்புட்டுப் பயந்திருப்போம்!”