கெட்டி வாத்துகள்

மீஞ்சூருக்கு வெளியே நாங்கள் வாத்து மேய்க்கும் குட்டையிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். வாத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தண்ணீர் இருந்தால் போதும். அந்தத் தண்ணீரில்தான் சீக்கும் இருந்தது.

முதல் தடவை வந்தபோது பாதி மந்தை போய்விட்டது. கண் ஒட்டிக்கொள்ளும், பச்சையாகக் கழியும், கால் நிற்காது. பிழைத்தவற்றை நாங்கள் கெட்டி என்போம். புதுக் குஞ்சு வாங்கினால் கெட்டிகளோடுதான் விடுவோம், அந்தத் தெம்பு குஞ்சுக்கும் ஒட்டுமாம். ஒட்டியது வேறு. அவை வளர்ந்து முட்டைக்கு வரும் நேரம் பார்த்து மறுபடியும் அதே பச்சைக் கழிச்சல், ஒன்றுவிடாமல் போயின. கெட்டிகள் மட்டும் ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன.

செத்ததில் ஒன்றைக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். டாக்டரம்மா அறுத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி பிழைச்ச வாத்து இருக்கா?" என்றார். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

"கிருமி அதுங்க உடம்புலதான் பதுங்கியிருக்கு. பார்க்க நல்லாத்தான் இருக்கும். அப்பப்போ எச்சத்துல வெளிய வந்து குட்டையில கலக்கும். மத்ததெல்லாம் அதைத்தானே குடிக்குது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து வாங்கிய குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டு வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தேன், இன்னும் தண்ணீரில் விடவில்லை. அவையும் போனால் எங்கள் தொழிலுக்கே முழுக்குத்தான். விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். மேட்டில் புதுக் கொட்டகை, குடிக்க அடிபம்புத் தண்ணீர். கெட்டி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"கொருக்குப்பேட்டைல நம்ம தோஸ்து வளக்கக் கேட்டுகினு கீறான் மே. அவனாண்ட குட்த்துடலாம்."

"யோவ், அவன் வூட்டு வாத்துக்கும் நாமளே சீக்கு குடுக்கணுமா? இன்னா மன்சன்யா நீ?"

"நல்லாத்தான மே கீது..."

"நல்லா கீறதுதான்யா பேஜாரே!"

குட்டையிலிருந்தும் கொட்டகை போடும் இடத்திலிருந்தும் தள்ளி, மேட்டில் நான் குழி வெட்டினேன். அவர் சுண்ணாம்பு மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கையை நீட்டினேன். தவிடுதான் வைக்கப்போகிறேன் என்று முதல் வாத்து தானாகவே ஓடி வந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே அதன் கழுத்தை இறுகப் பிடித்தேன்.